ஒரு டாலருக்குக் கைமாறிய உரிமை

உயிரணு வளர்ப்பு ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தப்படும் பொருள்களுள் ஒன்று, சிறு குப்பியில் அடைத்து விற்கப்படும் மனித இன்சுலின். அது ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது, மனிதருக்குச் செலுத்தக் கூடாது என்ற குறிப்புடன் வரும். மனித உடலிலிருந்து எடுக்கப்பட்டதன்று அது. மனித மரபணுச் செய்தியை ஏற்றிய நுண்ணுயிரிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட மறுசேர்க்கைப் புரதம். கிண்ணத்தில் வளரும் உயிரணுக்கள் பெருக அது துணை செய்கிறது. இதே புரதம்தான், உரிய மருந்துத் தரத்துடன், நீரிழிவு நோயாளிகளின் உயிரைக் காக்கிறது. இதை மருந்தாக்கியவர்களுள் முதன்மையானவரான பிரடெரிக் பாண்டிங், தம் காப்புரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அலிஸ்டன் அருகே ஓர் உழவர் குடும்பத்தில் 1891 நவம்பர் 14 அன்று பிறந்தார் பாண்டிங். நம் நாட்டில் குழந்தைகள் தினமான அந்நாள் உலக நீரிழிவு தினமாகவும் இருப்பது அவரால்தான். கல்லூரியில் கலைப் பாடப்பிரிவின் முதலாண்டிலேயே தோற்று, மருத்துவத்துக்கு மாறினார். முதல் உலகப் போரில் காயமுற்று, வீரப் பதக்கம் பெற்றுத் திரும்பினார். பின்னர் லண்டன் என்ற பெயருடைய ஒன்டாரியோ நகரில் மருத்துவமனை தொடங்கினார். முதல் மாத வருமானம் 4 டாலர்.

வறுமை அவரைப் பகுதிநேர ஆசிரியராக்கியது. 1920 அக்டோபர் இறுதியில், வகுப்புக்காகக் கணையத்தைப் பற்றிப் படித்தபோது ஓர் எண்ணம் உதித்தது. கணைய நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமான நீரைச் சுரக்கும் பகுதி அழியும். எஞ்சிய பகுதியிலிருந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளைப் பிரித்துவிடலாம் என்று கருதினார். டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்ளியோட் தயக்கத்துடன் ஆய்வுக்கூடத்தையும், சில நாய்களையும், சார்லஸ் பெஸ்ட் என்ற இளம் உதவியாளரையும் அளித்தார். 1921 மே மாதம் பணி தொடங்கியது. நாளத்தைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது விரைவில் தெரிந்துவிட்டது. தவறான பாதை சரியான இடத்தில் கொண்டு சேர்த்தது.

1922 ஜனவரி 11 அன்று, சுமார் 30 கிலோ எடைக்கு மெலிந்துபோயிருந்த லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்தில் மாசு மிகுந்திருந்ததால் அது பயனளிக்கவில்லை. உயிர்வேதியியல் அறிஞர் காலிப் தூய்மைப்படுத்திய மருந்து 12 நாள்களுக்குப் பின் செலுத்தப்பட்டபோது சர்க்கரை இறங்கியது. பட்டினிச் சிகிச்சையால் மரணத்தைத் தள்ளிப்போட மட்டுமே முடிந்த காலத்தில், அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

பாண்டிங்கைப் புனிதராகக் காட்டும் நூல்கள் பல உண்டு. அவர் எளிதில் சினம் கொள்பவர். காலிப்புடன் கைகலப்பு வரை சென்றவர். 1923-இல் நோபல் பரிசு மெக்ளியோடுடன் பகிர்ந்தளிக்கப்பட்டபோது கொதித்தெழுந்து, தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கு அளித்தார். மெக்ளியோடும் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கு அளித்தார்.

காப்புரிமையில் மட்டும் அவர்களிடையே பிணக்கு எழவில்லை. உயிர்காக்கும் மருந்துக்கு உரிமை கோருவது மருத்துவ அறத்துக்கு ஒவ்வாது என்று கருதியதால், தொடக்கத்தில் பாண்டிங் தம் பெயரைச் சேர்க்கவில்லை; அமெரிக்கச் சட்டத்துக்காகவே பின்னர் சேர்க்கப்பட்டது. பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலா ஒரு டாலருக்கு அதைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினர். இதை வெறும் துறவாகப் பார்ப்பது பிழை என்பேன். உரிமையைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வேறொருவர் பதிவு செய்து மற்றவர்களைத் தடுத்திருக்கக்கூடும். பல்கலைக்கழகத்திடம் உரிமை இருந்ததால், தரத்தைப் பேணும் உற்பத்தியாளர்களுக்கு உரிமம் வழங்க முடிந்தது. கனடா நாடாளுமன்றமோ பாண்டிங்குக்கு வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 7,500 டாலர் அளித்தது. கண்டுபிடித்தவருக்குச் சமூகம் வெகுமதி தரலாம், அதை நோயாளியிடம் வசூலிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

1941 பிப்ரவரியில், போர்க்கால ஆய்வுப் பணிக்காக இங்கிலாந்துக்குப் புறப்பட்ட பாண்டிங், நியூஃபவுண்ட்லாந்தில் விமானம் விழுந்து மடிந்தார். வயது 49.

அவர் காலத்து இன்சுலின் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து வந்தது. மனித இன்சுலினை நுண்ணுயிரிகளைக் கொண்டு உருவாக்கும் முறை 1978-இல் கைகூடியது; 1982-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. டொராண்டோவின் ஒரு டாலர் உரிமை பழைய முறையை மட்டுமே காத்தது. புதிய தயாரிப்பு முறைகளும், மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின் வகைகளும் தனித்தனிக் காப்புரிமைகளைப் பெற்றன. உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களின் கைக்குள் வந்தது. அமெரிக்காவில் விலை கட்டாததால் ஊசியைக் குறைத்துப் போட்டுக்கொண்ட நோயாளிகள் உண்டு. 1922-இல் டொராண்டோவுடன் முதன்முதலில் உடன்பாடு செய்துகொண்ட அமெரிக்க நிறுவனமான எலி லில்லி, தான் மிகுதியாக விற்கும் இன்சுலின் வகைகளின் விலையை 70 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது 2023-இல்தான்.