டேப்ளாய்டு – மாத்திரைக்கு வைத்த பேரு!

டேப்ளாய்டுன்னா என்ன? சின்ன சைஸ் பேப்பர், பரபரப்பா நியூஸ் போடுற பேப்பர்னு சொல்வீங்க. சரிதான். ஆனால் அந்தச் சொல் முதன்முதலில் இருந்தது மருந்துப் புட்டியின் மேல்! அதை உருவாக்கியவர் ஹென்றி வெல்கம்.

இவர் 1853-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மரக்கட்டை வீட்டில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே உறவினர் ஒருவரின் மருந்துக் கடையில் வேலை. 16 வயதில் கண்ணுக்குத் தெரியாத மை என்று விளம்பரம் செய்து விற்றார். அது வேறொன்றுமில்லை, எலுமிச்சம்பழச் சாறுதான்! பலே ஆளு இல்ல? பிறகு மருந்தியல் படித்து, 1880-ல் லண்டன் போய், நண்பர் சைலஸ் பரோஸுடன் கம்பெனி தொடங்கினார்.

அப்போதெல்லாம் கடைக்காரர் மருந்தைக் கையால் உருட்டித் தருவார். ஒரு உருண்டை போல இன்னொன்று இருக்காது. மருந்தில் அளவு தப்பினால் ஆபத்தாச்சே! இவர்கள் மெஷினில் அழுத்தி, சரியான அளவில் மாத்திரை விற்றார்கள். அதற்காக வெல்கம் 1884-ல் டேப்ளெட் என்ற சொல்லோடு ஆய்டு என்று ஒரு வாலை ஒட்டி டேப்ளாய்டு என்று பதிவு செய்தார். பேரு பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. தேயிலைக்கும் அதே பேரு, முதலுதவிப் பெட்டிக்கும் அதே பேரு. 1887-ல் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட ஸ்டான்லி கொண்டுபோனதும் இவர்களுடைய மருந்துப் பெட்டிதான்.

அங்கேதான் வந்தது வம்பு. சுருக்கமா, சின்னதா எது இருந்தாலும் ஜனங்க டேப்ளாய்டுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. 1901 ஜனவரி 1 அன்று ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் என்ற லண்டன் பத்திரிகை முதலாளி, நியூயார்க் வேர்ல்டு நாளிதழை ஒரே ஒரு நாள் பாதி சைஸில், குட்டிக் குட்டிச் செய்திகளோடு வெளியிட்டார். அதுக்கும் அதே பேரு!

வெல்கம் விடவில்லை. அந்தப் பேரை மருந்துக்குப் பயன்படுத்திய இன்னொரு கடைமேல் வழக்குப் போட்டார். 1903-ல் ஜெயித்தார். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி, மருந்து வியாபாரத்தைப் பாதிக்காத வரை மற்றவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டார். ஜெயிச்சும் சொல் கைநழுவிப் போச்சு!

வெல்கம் 1936-ல் இறந்தார். அவர் சொத்தில் உருவான அறக்கட்டளை இன்றும் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறது. ஆனா மருந்துக் கடையில போய் டேப்ளாய்டு கேட்டுப் பாருங்க, பக்கத்துல இருக்கிற பேப்பர் கடையைக் கை காட்டுவாங்க!