கதை எழுதாத ஆசான்

தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் வ.வே.சு. ஐயரையும் மணிக்கொடிக் குழுவினரையும் புதுமைப்பித்தனையும் தவறாது குறிப்பிடுவர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் பெயர் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. அவர் கதையாசிரியர் அல்லர். ஆயினும் கதை எழுதக் கற்ற சிலர் அவரிடமிருந்தே கேட்கக் கற்றனர்.

தென்காசிக் குடும்பத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்த டி.கே.சி., சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, சட்டமும் கற்றார். சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் அறநிலைய வாரிய ஆணையராகவும் பணியாற்றினார். எனினும் இன்று அவரை நினைக்கச் செய்வது 1924இல் திருநெல்வேலியில் அவரது இல்லத்து முற்றத்தில் தொடங்கிய வட்டத்தொட்டியே. அங்கு உறுப்பினர் பட்டியலோ தீர்மானமோ இல்லை. ஒரு பாடலை எடுத்துக்கொள்வார். சொற்களைப் பிரித்து, நிறுத்தி, மீண்டும் மீண்டும் சொல்லுவார். பொருள் விளங்கும் முன்னரே ஓசை கேட்போர் நெஞ்சில் இறங்கிவிடும். நீதிபதி மகராசனும் பாஸ்கரத் தொண்டைமானும் அவ்வாறு கேட்டுக் கனிந்தவர்கள்.

பின்னர் அவர் குற்றாலத்தில் தங்கியபோது வட்டத்தொட்டியும் அருவிக்கரைக்கு இடம்பெயர்ந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கு அவருடைய விருந்தினராயினர். கரிசல் மண்ணின் இடைசெவல் சிற்றூரிலிருந்து கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் இளைஞர் இருவரும் அவரைத் தேடி வந்தனர். மீ.ப. சோமுவும் அவரைப் போற்றியவரே.

இவர்கள் அங்கே பெற்றது என்ன? கதைக்கு இலக்கணம் அன்று. உணர்ச்சி உண்மையாயிருத்தல் வேண்டும். அதற்குரிய உருவம் அமைதல் வேண்டும். வாழும் மக்களின் பேச்சே மொழியின் ஊற்று. இம்மூன்றையும் டி.கே.சி. கவிதைக்கே சொன்னார். கேட்டவர்கள் அவற்றை உரைநடைக்குக் கொண்டு சென்றனர்.

கம்பராமாயணத்தில் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதைப் புலவர்கள் வன்மையாகக் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானது. ஒருவரது சுவை ஏட்டுச் சான்றுக்கு ஈடாகாது. ஆனால் பிறர் நூலில் பிழையான அச்செயலே, தன் கதையைத் தானே திருத்தும் எழுத்தாளனுக்கு இன்றியமையாத பயிற்சியாகிறது. மிகையான சொல்லைக் காதால் கண்டுபிடித்து விலக்கத் தெரியாதவனுக்குச் சிறுகதை கைவருவதில்லை.

டி.கே.சி. 1954 பிப்ரவரி 16 அன்று மறைந்தார். அழகிரிசாமி அதற்கு முன்னரே கதை எழுதிப் பெயர் பெற்றிருந்தார். அவருடைய 'அன்பளிப்பு' தொகுதிக்கு, அவர் மறைந்த 1970ஆம் ஆண்டில் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. கி.ரா.வின் கதையோ 1958இல்தான் 'சரஸ்வதி' இதழில் வந்தது. கரிசல் மக்களின் வாய்மொழியை அச்சிலேற்றிய அந்த எழுத்தைப் படிக்க, பேச்சுத் தமிழின் அழகைக் கொண்டாடியவர் உயிரோடில்லை.

நல்ல ஆசான் தன் மாணவனின் முதற்கதையைக் காணாமலும் போகலாம். அவன் செவியைத் திறந்துவிட்டுச் சென்றிருந்தால் போதும். நூல் வெளியீட்டாலும் விழாக்களாலும் அளக்கப்படும் இலக்கிய வட்டங்கள், ஒரு முற்றத்தில் சிலர் அமர்ந்து ஒரு பாடலைக் கேட்டதையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.