மருந்துப் பட்டியலைச் சுருக்கிய வைத்தியர்: சேனக பிபிலே

அக்கரைப்பற்றுக் கடைவீதியிலுள்ள பாமசி ஒன்றில் போன மாதம் எனக்கு முன்னால் வயதான ஒரு உம்மா நின்றார். அரச வைத்தியசாலையில் மருந்து இல்லையென்று துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். துண்டில் இருந்தது ஒரு கம்பனியின் பெயர். அதே மருந்து வேறு கம்பனியில் பாதி விலைக்கு இருக்கிறது என்றார் கடைக்காரர். உம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பத்து நாளுக்கு எழுதியதில் நாலு நாளுக்கு மட்டும், எழுதிய மருந்தையே வாங்கிக்கொண்டு போனார்.

இந்தத் துண்டோடு சண்டை பிடித்தவர்தான் பேராசிரியர் சேனக பிபிலே.

செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் வீதியில் வரும் பிபிலைதான் அவரது குடும்பத்தின் பூர்வீகம். 1920இல் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரி, கொழும்பு மருத்துவக் கல்லூரி, பின்னர் எடின்பரோவில் கலாநிதிப் பட்டம். இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். வசதியான குடும்பத்தில் பிறந்தும் லங்கா சமசமாஜக் கட்சிக்காரராகவே வாழ்ந்தார்.

அன்று தனியார் துறை இரண்டாயிரத்துக்கும் அதிகமான மருந்துகளை இறக்குமதி செய்தது. பெரும்பாலானவை ஒரே மருந்தின் வெவ்வேறு வர்த்தகப் பெயர்கள். 1971இல் பிபிலேயும் கம்யூனிஸ்ட் தலைவரான வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் அரசாங்கத்துக்கு அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலே அதன் தலைவரானார்.

செய்த வேலை கேட்பதற்குச் சின்னது. பட்டியலை அறுநூறு மருந்துகளளவில் சுருக்கினார். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரினார். முழு நாட்டின் தேவையையும் ஒரே கை வாங்கியதால் விலை இறங்கியது. ஆயிரம் கடைக்காரர் தனித்தனியே பேரம் பேசுவதும் ஒரு நாடு பேரம் பேசுவதும் ஒன்றல்ல. பிறகு, உள்ளூரில் மாத்திரை செய்த கம்பனிகளின் மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே வாங்கத் தொடங்கியது. அங்கேதான் பிரச்சினை வெடித்தது.

கொலரா பரவிய வேளையில், வேறொரு கம்பனியிடம் வாங்கிய ரெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கொடுத்து கப்சூல் செய்து தருமாறு ஃபைசரின் உள்ளூர்த் தொழிற்சாலையிடம் கேட்டார்கள். அது நடக்கவில்லை. கூடுதல் செலவில் மருந்தை விமானத்தில் தருவிக்க வேண்டியதாயிற்று. பொருளியலாளர் சஞ்சய லாலும் பிபிலேயும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இது பதிவாகியுள்ளது. தொழிற்சாலையை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் தலையிட்டதாகச் சொல்லப்படுகிறது. பேச்சு அப்படியே அடங்கியது. மலிவு மருந்து தரமற்றது என்ற பிரசாரமும் ஓயவில்லை. உள்நாட்டு வைத்தியர்களில் ஒரு பகுதியினரும் அதில் சேர்ந்துகொண்டதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

1975இல் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. பிபிலேக்கு இருந்த அரசியல் பலமும் போனது. ஐ.நா.வின் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டு அமைப்புக்காக மற்ற ஏழை நாடுகளுக்கு இதே முறையைச் சொல்லிக்கொடுக்கப் போனார். 1977 செப்டெம்பரில் கயானாவில் இறந்தார். வயது 57. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே வருடம்தான். இங்கேயோ, புதிய அரசின் திறந்த பொருளாதாரத்தோடு தனியார் இறக்குமதிக்குக் கதவு மீண்டும் திறந்தது.

பிபிலேயின் கணக்கில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மலிவாக வாங்கிய மருந்து எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டும் என்பதை அவரது திட்டம் கேட்கவில்லை. 2009இல் வன்னியில் மயக்கமருந்து போதாமல் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்களுக்கு விலை ஒரு பிரச்சினையே அல்ல.

அவர் கேட்டவற்றில் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தில்தான் வந்தது. அதற்குப் பின்னரும், 2024 பெப்ரவரியில், தரமற்ற இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் கைதானார். மருந்துக் குப்பிகளோ அதற்கு முன்பே வைத்தியசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.