நிதானமாக ஓடிய நியூட்டன்

தை பிறந்தால் நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கமெல்லாம் காலையில் ஓடுபவர்களின் எண்ணிக்கை கூடும். மாசியில் பாதிப் பேரைக் காணோம். முதல் நாளே இளவட்டம்போல் பாய்ந்து ஓடி, மூச்சு வாங்கி, மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்காகவே இந்த இதழில் ஆர்தர் நியூட்டனின் கதை. புவியீர்ப்பு விசையைச் சொன்ன நியூட்டன் அல்லர், இவர் ஓட்டக்காரர்.

1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார். நேட்டால் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. 1860 முதல், விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கியிருந்த அன்றைய தென் ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் ஏராளமானோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன இடம் அது. அங்கே ஹார்டிங் என்ற ஊர்ப்பக்கம் நிலம் வாங்கி, நியூட்டன் விவசாயம் பார்த்தார்.

முதல் உலகப் போர் முடிந்து திரும்பியபின் அவருக்கும் அரசுக்கும் நிலத் தகராறு. அவருடைய பண்ணை இருந்த பகுதியைக் கறுப்பின மக்களுக்கென அரசு ஒதுக்க முனைந்தது. தமக்கு உரிய இழப்பீடு கிடைக்கவில்லை என்பது அவருடைய குறை. மனு மேல் மனு போட்டும் பலன் இல்லை. பேர் பெற்ற விளையாட்டு வீரர் சொன்னால் ஊர் காது கொடுக்கும் என்று கணக்குப் போட்டார். அப்போது புதிதாகத் தொடங்கியிருந்தது காம்ரேட்ஸ் மாரத்தான். போரில் இறந்தவர்களின் நினைவாக 1921-இல் ஆரம்பித்த ஓட்டம். டர்பனுக்கும், காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 88 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பி, இன்னும் கொஞ்சம் ஓடவேண்டிய தூரம். அதிலும் மலைப்பாதை, மண் ரோடு.

1922 புத்தாண்டு நாளில் பயிற்சியைத் தொடங்கினார். வயது 38. முதல் ஓட்டம் 2 மைல்தான். அதற்கே துவண்டுபோனார், உடம்பு வலி பல நாள் விடவில்லை. அந்த வலியில்தான் அவருக்கு ஒன்று புரிந்தது. பழுது காலில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்தார். முடியாதபோது நடந்தார். பாதத்தைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல், சின்னச் சின்ன எட்டாக வைத்து, களைப்பு வருமுன்பே நிதானித்து ஓடப் பழகினார். முதலில் தூரம், வேகம் பிறகு என்பது அவர் வகுத்துக்கொண்ட முறை. பயிற்சியில் யாரோடும் போட்டி போடுவதில்லை, கடிகாரத்தோடும்கூட.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மே 24-ஆம் தேதி காம்ரேட்ஸ் ஓட்டத்தில் இறங்கினார். ஆரம்பத்தில் முந்திப் போனவர்களைப் போகவிட்டார். அவர்கள் களைத்தபோது ஒவ்வொருவராகத் தாண்டினார். 8 மணி 40 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். சாவகாசமாகச் சைக்கிள் மிதிப்பவரின் வேகம்தான்.

நிதானத்தில் கட்டிய உடம்புக்கு வேகம் தானாக வந்து சேர்ந்தது. மறு ஆண்டு 6 மணி 56 நிமிடம். 1921-இல் அதே திசையில் ஓடி வென்றவரைவிட 2 மணி நேரத்துக்கும் மேல் குறைவு. 1924, 1925, 1927-லும் அவரே வென்றார். 1925-இல் எடுத்துக்கொண்டது 6 மணி 24 நிமிடமே. 1931-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் 24 மணி நேரத்தில் 152 மைல், அதாவது 245 கிலோமீட்டர் ஓடினார். 1934-இல், 51 வயதில், இங்கிலாந்தில் 100 மைலை 14 மணி 6 நிமிடத்தில் முடித்தார். 1922 முதல் 1935 வரை அவர் ஓடிய மொத்தத் தூரம் ஒரு லட்சம் மைலைத் தாண்டும். நாளுக்குச் சராசரி 20 மைல்! ஓடும்போது அவர் குடித்தது எலுமிச்சை பானத்தில் சர்க்கரையும் உப்பும் கலந்தது. நம் வீட்டுச் சமாச்சாரம்தான்.

பேர் கிடைத்தது, பண்ணை கிடைக்கவில்லை. 1925-இல் நேட்டாலை விட்டே போய்விட்டார். பிறகு ஓட்டத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதி, இளையவர்களுக்கு வழிகாட்டி, 1959-இல் இங்கிலாந்தில் மறைந்தார். இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அவர் வென்ற அந்த ஓட்டத்தில் கறுப்பின மக்களுக்கும், நம் ஊர்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகளுக்கும், பெண்களுக்கும் 1975 வரை அதிகாரப்பூர்வமாக இடம் இல்லை. ஆனால் அவர் கண்ட வழிக்கு அப்படி எந்த வேலியும் கிடையாது.

அந்த வழி ஏன் பலிக்கிறது? வேகமாக ஓடினால் தசையில் சேமித்துள்ள சர்க்கரைச் சத்து சீக்கிரம் கரைந்துவிடும். மெதுவாக ஓடினால் உடம்பு கொழுப்பை அதிகம் எரிக்கும். அந்த இருப்பு எளிதில் தீராது. இதயமும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் மெல்லப் பலப்படும். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். தசைநார்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் காயம் படுவது அங்கேதான்.

ஓடத் தொடங்குபவர்கள் இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? வேகம் சரி. வார்த்தை உடைந்தால் குறையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் இரண்டு நிமிடம் நடங்கள், பிறகு ஓடுங்கள். தூரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபின் தொடங்கவேண்டும். சித்திரை வெயிலில் சூரியன் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் உங்களைத் தாண்டிப் போனால் போகட்டும். பதறாத காரியம் சிதறாது. மாசியிலும் பங்குனியிலும் உங்களைப் பாதையில் பார்க்கவேண்டும், அதுதான் முக்கியம்.