டார்வினும் மலரழகும்

விஞ்ஞானத்தில் மூழ்கியோர்க்கு உலகின் அழகு புலப்படாது என்று இலக்கியம் பயிலும் நம்மவர் வாதிப்பதுண்டு. அவ்வாதத்திற்குச் சான்றாக நாம் பெரிதும் காட்டுவது சார்லஸ் டார்வினையே. அவர் சரிதையை ஊன்றிப் படித்தபின், அச்சான்று நாம் எண்ணியவாறு நம் பக்கம் நிற்கவில்லை.

டார்வின் 1809-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி நகரிலே மருத்துவர் ஒருவர்க்கு மகனாய்த் தோன்றினார். எடின்பரோவில் வைத்தியம் கற்கப் புகுந்து, அதில் மனம் பொருந்தாது, குருத்துவப் பணியை நாடிக் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். ஆங்கு அவர் பெரிதும் கற்றது வண்டு சேகரிக்கும் வித்தையே எனலாம்! எனினும் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் எழும் கீதங்களைக் கேட்டு மெய்சிலிர்ப்பார். அங்குப் பாடும் சிறுவரைக் கூலி கொடுத்துத் தம் அறைக்கே அழைத்துப் பாடச் செய்ததும் உண்டு. 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பீகிள் என்னும் கப்பலேறி உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். கரையிறங்கி உள்நாடு செல்லுங்கால் ஒரு நூலுக்கே இடமிருப்பின், மில்டன் இயற்றிய சுவர்க்க நீக்கத்தையே உடன்கொண்டு செல்வார். பிரேசில் நாட்டுக் காட்டிலே முதன்முறை நடந்த நாளில், எந்தப் பூவைப் பார்ப்பது, எந்தப் பூச்சியைத் தொடர்வது என்றறியாது களிப்பால் திகைத்தார்.

1836-இல் தாயகம் மீண்டவர், 1842 முதல் டவுண் என்னும் சிற்றூரில் அமைந்து, நோயோடும் ஆராய்ச்சியோடும் நாள் கழித்தார். பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் கடலுயிர்க்கே 8 ஆண்டுகள் செலவாயின! 1859-இல் வெளிவந்த பெருநூலை யாவரும் அறிவர். நாம் கூற விழைவது 1862-இல் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி.

மடகாஸ்கர் தீவில் வளரும் வெண்ணிற ஆர்க்கிட் மலரொன்று அவர் கைக்கு வந்தது. அதன் பின்னே சாட்டைபோல் தொங்கும் குழல் ஏறக்குறைய பதினொன்றரை அங்குலம் நீண்டிருந்தது. தேனோ அதன் அடியில் ஒன்றரை அங்குலமே. வேறொருவராயின் வியந்து அமைந்திருப்பர். டார்வினோ, அத்தேனை எட்டும் நீண்ட உறிஞ்சுகுழலுடைய விட்டில் அத்தீவில் இருந்தே தீரவேண்டும் என்று துணிந்தார். சிலர் நகைத்தனர். அவர் மறைந்து 21 ஆண்டு கழித்து, 1903-இல், அத்தகைய விட்டிலை அறிஞர் உலகிற்கு அறிவித்தனர். காரணம் அறிந்தமையால் அம்மலர் நமக்கு அழகு குன்றித் தோன்றவில்லை. இரவிலே அதனைத் தேடிவரும் சிறகொலியும் சேர்ந்தே தோன்றுகின்றது.

எனினும் 1876-இல் எழுதிய தன்வரலாற்றில் அவர் ஒன்றை ஒளியாது உரைத்துள்ளார். கவிதையில் ஒரு வரியும் பொறுக்க இயலவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகம் குமட்டுகின்றது. இயற்கைக் காட்சியும் பண்டைப் பேருவகையைத் தருவதில்லை. இதனை மறைத்தல் முறையன்று. ஆயின் அவர் குறைகூறியது அறிவையன்று. ஆராய்ச்சி ஒன்றிலேயே ஆழ்ந்து, மற்றதைக் கைவிட்ட தம் பழக்கத்தையே. மீண்டும் வாழ நேருமாயின், வாரம் ஒருமுறையேனும் கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் நியமமாகக் கொண்டிருக்கக்கூடும் என இரங்கினார். தமிழ் பயிலும் நம்முள்ளேயே, தேர்வுக்காகவன்றி, அந்நியமம் உடையோர் எத்துணையர் என்று எண்ணிப் பார்க்க அஞ்சுகின்றோம்!

மலர்மீதுள்ள அன்பை மட்டும் அவர் இழந்திலர். தந்தை மலரைப் புகழக் கேட்பது தமக்கு விருப்பமாயிருந்தது என்றும், அம்மலருக்கே நன்றி செலுத்துவது போல் அது இருந்தது என்றும் மகன் பிரான்சிஸ் எழுதி வைத்துள்ளார். பல்லாண்டு மலர்களை அறுத்தும் அளந்தும் ஆராய்ந்த அக்கை, மனத்திற்குகந்த பூவொன்றைக் கண்டால், குழந்தை தொடுவதுபோல் அதன் இதழை மெல்லத் தொடுமாம்.