காய்ந்த ரொட்டி தின்ற பேரரசர்

நம்ம பாளையம்பட்டியில் புரோட்டாவைப் பிச்சுப் போட்டு, முங்க முங்க சால்னா ஊத்தித் தின்போமே, அதே மாதிரி சீனாவில் சியான் நகரத்திலும் ஒரு சாப்பாடு உண்டு. கல்லு மாதிரி இருக்கும் ரொட்டியைச் சுண்டைக்காய் அளவுக்கு நாமே பிச்சுக் கொடுக்கணும். கடைக்காரர் அதை ஆட்டுக்கறிச் சாற்றில் கொதிக்க வைத்துத் தருவார். அந்தச் சாப்பாட்டுக் கதையில் வரும் சாவோ குவாங்யின் என்ற மன்னரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

927-ல் லுவோயாங் நகரில் பிறந்தார். அப்பா படை அதிகாரி. ஆனாலும் இளவயதில் பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்தார். காய்ந்த ரொட்டியைக் கடிக்க முடியாமல் பசியோடு நின்றபோது, ஆட்டுக்கறிச் சாறு விற்றவர் இரக்கப்பட்டுச் சூடாக ஊற்றினாராம். இது வாய்வழிக் கதைதான், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்!

பிறகு படையில் சேர்ந்து தளபதி ஆனார். 960-ல் ஒரு விடியற்காலையில் வீரர்களே அவரை எழுப்பி, மஞ்சள் அங்கி போர்த்தி அரசராக்கினார்கள். தலைநகரில் கொள்ளையடிக்கக் கூடாது, பட்டத்தில் இருந்த சின்னப் பிள்ளையைத் தொடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் புறப்பட்டார். எனக்கு இவரை ரொம்பப் பிடித்ததே இதனால்தான். மறு வருஷம் தளபதிகளுக்கு விருந்து வைத்து, சொத்து சுகம் கொடுத்து, வாளை உருவாமலே படையைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். சோங் வம்சம் இப்படித்தான் நிலைத்தது. 976-ல் இறந்தார். வயசு 49-தான்.

நம்ம ராஜராஜ சோழன் அனுப்பிய தூதர்கள் 1015-ல் போய்ச் சேர்ந்தது இவருடைய தம்பி மகனின் சபைக்குத்தான்.