ஈப்போ மக்களின் டி.ஆர்.சீனிவாசகம்: நகரத் தலைவரை வாக்குச்சீட்டு தீர்மானித்த காலம்

ஜொகூர் பாருவுக்குப் புதிய டத்தோ பண்டார் பதவியேற்கும்போது நாளிதழில் படத்துடன் செய்தி வரும். மாநில அரசு நியமித்த தகவலும் அதில் இருக்கும். அவருக்கு எத்தனை வாக்குகள் விழுந்தன, எதிர்த்து நின்றவர் யார் என்ற விவரம் மட்டும் இருக்காது. 1994-இல் மாநகரான ஜொகூர் பாரு, 2017-இல் மாநகரான இஸ்கண்டார் புத்ரி, 2020-இல் மாநகரான பாசீர் கூடாங் ஆகிய மூன்றுக்கும் இதே நிலைதான். அங்கு மேயரும் மன்ற உறுப்பினர்களும் நியமனத்தில் வருபவர்கள்.

இந்த நாட்டில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. நகர மன்றத்துக்கு யார் போவது என்பதைக் குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தின் பெயர் பெற்ற தலைவர்களில் ஒரு தமிழரும் இருந்தார். அவர்தான் ஈப்போவின் அமரர் டி.ஆர்.சீனிவாசகம்.

ஈயக் காசில் வளர்ந்த ஊர்

தர்ம ராஜா சீனிவாசகம் 1921-இல் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கிந்தா பள்ளத்தாக்கு அப்போது உலகின் பெரிய ஈய வயல்களில் ஒன்றாக இருந்தது. ஈப்போ அந்த ஈயத்தால் செழித்த நகரம். லம்பச் சுரங்கங்களில் சீனர்களும், ரயில்வே, பொதுப்பணி, சுற்றுவட்டாரத் தோட்டங்கள் ஆகியவற்றில் தமிழர்களும் உழைத்தார்கள்.

லண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டராக ஊர் திரும்பிய டி.ஆர்., அண்ணன் எஸ்.பி.சீனிவாசகத்தைப் போலவே வழக்கறிஞர் தொழிலில் பெயர் எடுத்தார். அது அவசரகாலம். பல்லாயிரம் குடும்பங்கள் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டிருந்தன. கைது, விசாரணை, குடியுரிமை, நிலம் என்று சாதாரண மக்களுக்கு வழக்கறிஞரின் உதவி அன்றாடம் தேவைப்பட்டது. ஏழைகளின் வழக்குகளை எடுத்து நடத்தியதால் நீதிமன்றத்துக்கு வெளியிலும் சீனிவாசகம் சகோதரர்களின் பெயர் பரவியது.

வாக்குப் பெட்டி வந்தது

மலாயாவில் வாக்குரிமை முதலில் வந்தது நாடாளுமன்றத்துக்கு அல்ல, ஊராட்சி மன்றத்துக்குத்தான். 1950-இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1951 டிசம்பர் 1-இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் முதல் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் வாக்களித்தது. அங்கு அம்னோவும் மசீசவும் கைகோத்து நின்ற ஏற்பாடே பின்னர் நாட்டை ஆண்ட கூட்டணிக்கு வித்தானது. அதே ஆண்டு டிசம்பரில் ஜொகூர் பாரு, மூவார், பத்து பகாட் நகரங்களுக்கும் வாக்குப் பெட்டி வந்தது.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது மன்ற உறுப்பினர்களை. அந்த உறுப்பினர்கள் கூடித் தலைவரை அல்லது மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1957 ஜனவரி 1-இல் மாநகரான ஜார்ஜ்டவுனில் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ்.ராமநாதன் என்ற தமிழர் மேயரானது இந்த முறையில்தான். அவர் பெயரில் இன்றும் அங்கு ஒரு சாலை இருக்கிறது.

ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் 1953-இல் பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். 1956-இல் அது மக்கள் முற்போக்குக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. சீனமும் தமிழும் ஆட்சிமொழிகளாக இடம்பெற வேண்டும், குடியுரிமையில் பாகுபாடு கூடாது என்பவை அதன் முதன்மைக் கோரிக்கைகள்.

எதிரணியின் குரல்

1955 பொதுத்தேர்தலில் 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஈப்போ-மெங்லெம்பு தொகுதியின் உறுப்பினர் லியோங் இயூ கோ மலாக்கா ஆளுநராகப் பதவியேற்றதால் அத்தொகுதி காலியானது. 1957 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் டி.ஆர். கூட்டணி வேட்பாளரைத் தோற்கடித்தார். சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில் ஆளுங்கட்சிக்கு விழுந்த அடி அது.

1959 பொதுத்தேர்தலில் அவரது கட்சி நான்கு நாடாளுமன்றத் தொகுதிகளை வென்றது. டி.ஆர். ஈப்போவிலும், எஸ்.பி. மெங்லெம்புவிலும் வெற்றி பெற்றார்கள். 1964-இல் கூட்டணி அலை வீசியபோதும் சகோதரர்கள் இருவரும் தங்கள் தொகுதிகளை இழக்கவில்லை.

பேராக் அரசியலில் அன்று இரண்டு தமிழர்கள் இருவேறு வழிகளில் நின்றார்கள். சுங்கை சிப்புட்டின் துன் வீ.தி.சம்பந்தன் மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் அரசாங்கத்துக்குள் இருந்து பேசினார். சில மைல் தொலைவில் ஈப்போவின் டி.ஆர். எதிரணி வரிசையில் இருந்து கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்விகளில் ஒன்று ஓர் அமைச்சரின் பதவியையே பறித்தது. அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது டி.ஆர். நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். அவையில் பேசியதற்காக யாரும் வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் சொல்லத் தயாரா என்ற சவால் எழுந்தது. டி.ஆர். கோலாலம்பூரில் அவைக்கு வெளியே அதே குற்றச்சாட்டைத் திரும்பச் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றார். 1965-இல் பதவி விலகினார். சொன்ன சொல்லுக்குத் தன் சொத்தையும் தொழிலையும் பணயம் வைத்த வழக்கறிஞராக டி.ஆர். மக்கள் மனத்தில் பதிந்தார்.

நகர மன்றத்தில்

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் ஈப்போவில் ஆளுங்கட்சியாக இருந்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் நகர மன்றம் முற்போக்குக் கட்சியின் கைக்கு வந்தது. 1962-இல் ஈப்போ நகராண்மைக் கழகத் தகுதி பெற்றபோதும் அக்கட்சியின் செல்வாக்கு நிலைத்தது. மன்றத் தலைமைப் பொறுப்பிலும் டி.ஆர். இருந்தார்.

நகர மன்றத்தின் வேலைகள் கேட்பதற்குச் சின்னவை. குப்பை அள்ளுவது, கால்வாய் சுத்தம், சந்தைக் கடை, அங்காடி உரிமம், தெரு விளக்கு, வீட்டு வரி. ஆனால் ஒரு குடும்பம் அரசாங்கத்தை அன்றாடம் சந்திப்பது இவற்றில்தான். அங்காடிக்காரருக்கு உரிமம் கிடைக்காவிட்டால் அன்றிரவு வீட்டில் உலை கொதிக்காது. வேலை நடக்காவிட்டால் அடுத்த தேர்தலில் நாற்காலி போய்விடும் என்ற பயம் உறுப்பினர்களுக்கு இருந்தது. தூய்மையான நகரம் என்று ஈப்போ எடுத்த பெயரை அந்தக் காலத்தோடு சேர்த்துப் பேசும் மூத்தவர்கள் உண்டு.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். கட்சியின் பலம் நகரங்களிலும் புதுக்கிராமங்களிலும்தான், அதுவும் பெரும்பாலும் சீனர் வாக்குகளால் வந்தது. பேராக்கைத் தாண்டி அது பெரிதாக வேர்விடவில்லை. தோட்டப்புறத் தமிழர்களிடம் மஇகாவும் தோட்டத் தொழிலாளர் சங்கமும்தான் நின்றன. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அங்கு குப்பையும் கால்வாயும் நிர்வாகத்தின் பொறுப்பு. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நகர மன்றத் தேர்தல் தூரத்துச் செய்தியாகவே இருந்தது.

நின்றுபோன தேர்தல்

1963-இல் நடந்தவையே கடைசி ஊராட்சித் தேர்தல்கள். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் மத்திய அரசு அவற்றை நிறுத்தி வைத்தது. அது தற்காலிகம் என்றே அன்று அறிவிக்கப்பட்டது. சில மன்றங்களில் நிர்வாகச் சீர்கேடு என்ற புகாரும் எழுந்தது. ஜார்ஜ்டவுன், சிரம்பான், ஜொகூர் பாரு, பத்து பகாட் மன்றங்களின் நிர்வாகத்தை அந்தந்த மாநில அரசுகள் எடுத்துக்கொண்டன.

ஊராட்சி மன்றங்களை ஆராய 1965-இல் அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவரும் ஒரு தமிழர்தான். மஇகாவின் செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையிலான அந்த ஆணையம், ஊராட்சி மன்றங்களுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே தேவை என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. ஒழுங்காக நடந்த மன்றத்துக்கும் ஒழுங்கு தவறிய மன்றத்துக்கும் ஒரே தீர்ப்பு கிடைத்தது.

டி.ஆர். அந்த முடிவைக் காணவில்லை. 1969 மார்ச் 15-இல் மாரடைப்பால் காலமானார். வயது 47. ஈப்போ பெருந்திரளாகக் கூடி அவரை வழியனுப்பியது. இரண்டு மாதத்துக்குள் நடந்த பொதுத்தேர்தலில், அண்ணன் எஸ்.பி. தலைமையில் கட்சி நான்கு நாடாளுமன்ற இடங்களையும் பேராக் சட்டமன்றத்தில் 40-இல் 12 இடங்களையும் பிடித்தது. கட்சி பின்னர் தேசிய முன்னணியில் சேர்ந்தது. 1975-இல் எஸ்.பி.யும் மறைந்தார்.

மறு ஆண்டு, 1976-இல், ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மேயர் அல்லது தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கும் என்று அது சொல்கிறது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்கத் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பெயர் மட்டும் நிற்கிறது

இந்த நாட்டில் நகர மன்றத்துக்கு வாக்களித்தவர்கள் இன்று 80 வயதைத் தாண்டியவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. இதற்கிடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜொகூர் தமிழர்களில் பலர் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டார்கள். முன்பு கிராணியாரிடம் சொன்ன குறையை இப்போது நகராண்மைக் கழகத்திடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அடைத்த கால்வாய், எரியாத விளக்கு, கடை உரிமம், கோயில் நிலம் எல்லாம் அங்குதான் போகின்றன. தூரத்துச் செய்தியாக இருந்த மன்றம் வாசலுக்கு வந்தபோது வாக்குச்சீட்டு கையில் இல்லை.

ஈப்போ நகரின் நடுவே டி.ஆர்.சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பேராக்கிற்குப் போகும் ஜொகூர் குடும்பங்கள் அங்கு பிள்ளைகளை விளையாட விடலாம். பெயர்ப்பலகையைப் பார்த்து இவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், ஊர் மக்கள் வாக்களித்து நகர மன்றத்துக்கு அனுப்பிய தலைவர் என்று சொல்லலாம். நம் ஊருக்கு நாம் எப்போது வாக்களிப்போம் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதில் 1965-இல் இருந்து பாக்கி இருக்கிறது.